அந்த இரண்டரை மணி நேரம்

குழு: அக்கரைப்பேட்டை சொந்தங்கள்
டிசம்பர் 19, இரவு

முருகையன்: எல்லாருக்கும் ஒரு விஷயம். நாளை சாயங்காலம் ஊர்க்கூட்டம். 26ஆம் தேதி சுனாமி நினைவு நாளை எப்படி நடத்துவது என்று பேசப்போகிறார்கள். இந்த வருடமும் பந்தல், மைக்செட், பெரிய ஆட்களை அழைப்பது என்றுதான் பேச்சு. யாருக்காவது வேறு யோசனை இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள், கூட்டத்தில் வைக்கிறேன்.

கலியமூர்த்தி: மச்சான், பந்தலே வேண்டாம். போன வருடம் பேச வந்தவர் பத்தரைக்குத்தான் வந்து சேர்ந்தார். பொம்பளைகள் ஒன்பது மணியிலிருந்து பால்குடத்தோடு வெயிலில் நின்றார்கள். அலை வந்த நேரத்தில் ஒருவர்கூடக் கடலில் பால் ஊற்றவில்லை.

செல்வி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி: பதாகையில் பிள்ளை பெயர் தப்பு. அபிநயா என்பதை அபிராமி என்று அடித்திருந்தார்கள். அதற்குக் கீழே நின்றுதான் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை.

மலர்: அத்தை, இது எனக்கு இப்போதுதான் தெரியும்.

முருகையன்: என்னிடமாவது சொல்லியிருக்கலாமே தாயி.

கதிர்: அப்பா, இலங்கையில் வருடா வருடம் டிசம்பர் 26 காலை 9.25க்கு நாடு முழுக்க இரண்டு நிமிடம் மௌனம். பெரலியவில் அலை அடித்துப் போட்ட ரயிலில் ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் செத்துப்போனார்கள். அந்த இடத்துக்கு இன்றும் ரயில் போய் நின்று அஞ்சலி செலுத்துகிறார்கள். நம் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,065 பேர். நம் நாடும் அப்படி ஒரு நேரத்தில் நிற்க வேண்டும். அது கரைக்காரர்கள் துக்கம் மட்டும் என்று விட்டுவிடக் கூடாது.

கலியமூர்த்தி: இரண்டு நிமிடம் நின்றால் போதுமா தம்பி?

மலர்: போதாது மாமா. போன வாரம் ஆறாம் வகுப்பில் கேட்டேன், "சுனாமி வருகிறது என்றால் என்ன செய்வீர்கள்?" என்று. ஒரு பையன் எழுந்து, "மெழுகுவத்தி ஏற்றுவோம் டீச்சர்" என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை, அவன் பார்த்தது அவ்வளவுதான். வருடா வருடம் மெழுகுவத்தியைத்தான் காட்டியிருக்கிறோம். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

முருகையன்: நமக்கு மட்டும் என்ன தெரிந்தது? ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்றுதான் கத்தினோம். சுனாமி என்கிற சொல்லே எல்லாம் முடிந்த பிறகு பேப்பரில் பார்த்ததுதான்.

மலர்: அதைத்தான் சொல்ல வந்தேன் பெரியப்பா. சுமத்ரா பக்கத்தில் சிமெலூ என்று ஒரு தீவு. 1907இல் அங்கே பெரிய அலை வந்து நிறையப் பேர் செத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸ்மாங்'. பூமி பலமாக ஆடினால், கடல் உள்வாங்கினால், மேட்டுக்கு ஓடு என்று தாலாட்டில் பாடி வைத்தார்கள். 2004இல் அந்த நடுக்கம் அவர்களுக்குப் பக்கத்திலேயே. தீவில் எழுபதாயிரத்துக்கு மேல் ஜனம். செத்தது ஏழு பேர்.

கலியமூர்த்தி: ஏழா?

மலர்: ஏழுதான் மாமா.

கதிர்: அக்கா, நம் கரைக்கு நடுக்கம்கூடச் சரியாகத் தெரியவில்லையே. சுமத்ராவில் பூமி ஆடியது நம் நேரத்துக்கு 6.29. இங்கே அலை வந்தது ஒன்பது மணி வாக்கில். நடுவில் கார் நிக்கோபாரில் விமானப்படைத் தளமே தண்ணீரில் போய்விட்டது. இரண்டரை மணி நேரம் இருந்தது அப்பா. நமக்கு ஒருவரும் சொல்லவில்லை.

முருகையன்: அந்த நேரத்தில் நான் வலை பின்னிக்கொண்டிருந்தேன். உன் பாட்டி கருவாடு காயவைக்க மணலுக்குப் போனாள்.

மலர்: அந்த இரண்டரை மணி நேரத்தைத்தான் நாம் அனுசரிக்க வேண்டும் பெரியப்பா. 6.29க்கு அறிவிப்பு. உடனே ஊர் மொத்தமும் எங்கள் பள்ளிக்கூட மாடிக்கு நடக்க வேண்டும். கிழவிகளை யார் தூக்குவது, கைக்குழந்தை எந்த வீட்டில் இருக்கிறது, எல்லாம் முன்கூட்டியே பிரித்துக்கொள்வோம். மேலே உட்கார்ந்து பெரியவர்கள் பிள்ளைகளிடம் நடந்ததைச் சொல்லட்டும். ஒன்பது மணிக்குப் பெயர்களை வாசிப்போம். அப்புறம் இறங்கிப் போய்க் கடலுக்குப் பால், பூ.

கதிர்: ஜப்பானில் செப்டம்பர் 1 அப்படித்தான். 1923இல் டோக்கியோ பக்கம் பூகம்பம் வந்த நாள். அன்றைக்கு நாடு முழுக்கப் பிள்ளைகள் முதல் பிரதமர் வரை ஒத்திகை. ஒடிசாவிலும் வெங்கட்ராய்பூர், நோலியாசாஹி என்று இரண்டு ஊர்கள் பழகிப் பழகி 2020இல் யுனெஸ்கோ அங்கீகாரமே வாங்கின. இப்போது ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் இருக்கிறது. அங்கிருந்து சேதி வந்தாலும் எந்தப் பக்கம் ஓடுவது என்று கால்களுக்குத் தெரிய வேண்டுமே. பழவேற்காட்டிலிருந்து குமரி வரை, கேரளா, ஆந்திரா, அந்தமான், எல்லாக் கரையும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். அரசே அறிவிக்க வேண்டும்.

செல்வி: சங்கு ஊதுவீர்களா?

மலர்: அப்படித்தான் யோசித்தேன் அத்தை.

செல்வி: வேண்டாம் மலர். ஐஸ் பிளான்ட்டில் சங்கு ஊதினாலே இன்னும் எனக்குக் கை நடுங்கும். நம் தெருவில் என்னை மாதிரி நாலைந்து பேர் இருக்கிறோம். விடிந்தும் விடியாத நேரத்தில் அது கேட்டால் தாங்காது.

முருகையன்: அவள் சொல்வது சரி. மாரியம்மன் கோயில் மணியை அடிக்கச் சொல்கிறேன். முதல்நாள் ராத்திரியே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடலாம்.

செல்வி: மணி என்றால் சரி. நானும் நடக்கிறேன் அண்ணே. அந்தப் பையனை என்னோடு அனுப்பு மலர். எப்படிப் போவது என்று நான் காட்டுகிறேன்.

கலியமூர்த்தி: செல்வி மாடிப்படி ஏறிப் பல வருடம் ஆகிறது. நான் கூட வருகிறேன்.

முருகையன்: அப்போ கூட்டத்தில் இதைத்தான் வைப்பேன். அரசு அறிவிக்கிறபோது அறிவிக்கட்டும், நாம் இந்த வருடமே நடப்போம். மேடை கிடையாது. வருகிறவர்கள் யாரானாலும் 6.29க்கு வந்து நம்மோடு நடக்கட்டும். கதிர், நீ லீவு போட்டு வா.

கதிர்: 25ஆம் தேதியே கிளம்பி வருகிறேன் அப்பா.

மலர்: பெயர்ப் பட்டியலை நான் கையால் எழுதுகிறேன். பழைய பதாகையைப் பார்த்து எழுதமாட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு, எழுதியதை அவர்களிடமே படித்துக் காட்டிவிட்டு வருவேன். அத்தை, உங்கள் வீட்டிலிருந்து ஆரம்பிக்கட்டுமா? முதலெழுத்தோடு சொல்லுங்கள்.

செல்வி: க. அபிநயா. ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. மூன்று சுழி ண இல்லை, இரண்டு சுழி ன.