சிபில் குறைந்தவர்களுக்கு வரும் கிரெடிட் கார்டு அழைப்புகள்: வடசென்னை அனுபவங்கள்

தையல்காரி, பழைய வண்ணாரப்பேட்டை:

மகளிர் குழுக் கடனில் தவணை தவறியதால் என் சிபில் எண், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண், இறங்கிவிட்டது; இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் அதை விட்டுவிடுகிறேன். மெட்ரோ நிலைய வாசலில் குடை விரித்து உட்கார்ந்திருந்த பையன், "சிபிலே பார்க்க மாட்டோம் அக்கா, டெபாசிட் போட்டால் கார்டு, கார்டு வந்தால் சிபில் தானாக ஏறும்" என்றான். சீட்டு எடுத்த பணத்தில் 25,000 ரூபாயை வைப்புத்தொகையாகப் போட்டேன். அதில் 80 விழுக்காடு, அதாவது 20,000 ரூபாய் வரம்புள்ள கார்டு வந்தது. தையல் இயந்திரத்துக்கு மோட்டாரும் துணியும் வாங்கி, மாதாமாதம் கட்டி வந்தேன்.

அம்மாவை ஸ்டான்லி மருத்துவமனையில் சேர்த்த வாரத்தில் அந்த டெபாசிட்டை உடைத்துத் தருமாறு கிளைக்குப் போனபோது, அங்கிருந்த அதிகாரி கணினித் திரையை என் பக்கம் திருப்பி, என் பெயருக்கு எதிரே இருந்த சிவப்பு வரியைக் காட்டினார். "இது உங்கள் பணம்தான் அம்மா, ஆனால் கார்டில் பாக்கி இருக்கும்வரை உங்களால் தொட முடியாது, அவசரம் என்றால் கார்டை ஏ.டி.எம்.மில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மிகுந்த மரியாதையோடு சொன்னார். 5,000 ரூபாய் எடுத்தேன். அதற்குக் கட்டணம் 500, ஜி.எஸ்.டி. 90, எடுத்த நாளிலிருந்தே மாதம் 3.5 விழுக்காடு வட்டி. பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லாக் கெடு, ரொக்கம் எடுத்தால் கிடையாது. என் சொந்தப் பணம் வங்கிக்குள் ஏழு விழுக்காட்டுக்குத் தூங்கிக்கொண்டிருக்க, அதே வங்கியிடம் நான் ஆண்டுக்கு 42 விழுக்காட்டுக்குக் கடன் வாங்கியிருந்தேன். குடையின் கீழ் இருந்த பையன் இதில் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

லாரி புக்கிங், திருவொற்றியூர்:

சகோதரிக்காவது உண்மையான கார்டு வந்தது. என் மச்சானுக்கு வாட்ஸாப்பில் வந்தது கார்டின் படம் மட்டுமே. அவர் பெயரும் இன்ஷியலும் பொன்னிற எழுத்தில் பொறித்திருக்க, "லிமிட் 1,50,000" என்று கீழே எழுதியிருந்தது. ஃபைல் சார்ஜ் 1,999 கட்டச் சொன்னார்கள், கட்டினார். பிறகு இன்ஷூரன்ஸுக்கு 4,500 கேட்டபோதுதான் படத்தை என்னிடம் காட்டினார். பெயருக்குக் கீழிருந்த கார்டு எண்ணை எண்ணிப் பார்த்தேன். வீசா என்று முத்திரை இருந்தது, ஆனால் வீசா கார்டில் இருக்கவேண்டிய பதினாறு இலக்கத்துக்குப் பதிலாகப் பதினைந்துதான் இருந்தது. இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்தோம், பணம் திரும்பவில்லை. கார்டு கையில் வருமுன் பணம் கேட்கிறவனுக்குக் கதவைச் சாத்துங்கள்.

அது இருக்கட்டும், 42 விழுக்காடு வாங்குவதே சட்டவிரோதம். 30 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-லேயே தீர்ப்பளித்துவிட்டது. சகோதரி வழக்குப் போடலாம்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், பெரம்பூர்:

தம்பி சொல்லும் தீர்ப்பை நம்பி யாரும் வழக்கறிஞரிடம் ஓடாதீர்கள். அதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. இன்று கார்டு வட்டிக்கு அப்படியொரு உச்சவரம்பு கிடையாது.

என் அனுபவம் சிறியது. நான் கவுன்ட்டரில் இருந்த காலத்தில் ஒருவர், பிரிக்கப்படாத கார்டு உறையைக் கொண்டுவந்து என் முன் அறைந்து வைத்தார். வாழ்நாள் முழுதும் இலவசம் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட கார்டு அது. ஆண்டுக் கட்டணம் வரியோடு ஏறி, அபராதம் அதன்மேல் ஏறி, தொட்டே பார்க்காத கார்டுக்கு அவர் சிபில் அறிக்கையில் தவணை தவறியவராக நின்றார். உறையின் ஓரம்கூடக் கிழியவில்லை.

ஆனால் டெபாசிட் கார்டையே குறை சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஈடு வைத்தால் ஈட்டை எடுக்க முடியாது என்பது சவுகார்பேட்டை அடகுக் கடைக்குப் போகிறவர்களுக்கும் தெரிந்ததுதானே. அதைச் சரியாகக் கையாண்டால் எண் ஏறவே செய்யும். வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவழிக்காதீர்கள். குறைந்தபட்சத் தொகையை அல்ல, முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டுங்கள். பாக்கியைச் சுமந்துகொண்டு புதிதாக ஒரு பொருள் வாங்கினால், அதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும்; அதற்குப் பணம் கேட்கும் கடைகளுக்குப் போகாதீர்கள். கேட்காமல் அனுப்பிய கார்டுக்குக் கட்டணம் போட்டால், அதைத் திரும்பத் தருவதோடு அதைப் போல் இரு மடங்கு அபராதமும் வங்கி கட்டவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு நெறிமுறை. வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம், அதற்குச் செலவில்லை. வசூல் ஏஜென்டுகள் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது. செட்டில்மென்ட் என்று பாதியைக் கட்டி முடிக்கச் சொன்னால், அறிக்கையில் அந்தக் கணக்கு 'முடிந்தது' என்று வராமல் 'செட்டில்டு' என்றே நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏலக் கணக்கு, காசிமேடு:

முழுத் தொகையையும் கட்டுங்கள் என்று பெரியவர் எளிதாகச் சொல்லிவிட்டார். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் எங்கள் துறைமுகத்தில் முழுத் தொகை கட்டக்கூடியவர் யார் என்று அவரே வந்து காட்டட்டும். தடைக்காலம் தொடங்கும் வேளை பார்த்துத்தான் கார்டு விற்கிறவர்களும் வலைக்கூடப் பக்கம் வருகிறார்கள், "மாதம் ஐந்து விழுக்காடு கட்டினால் போதும்" என்ற ஒரே பாட்டோடு.

எனக்கு 18,000 ரூபாய் பாக்கி இருந்தபோது குறைந்தபட்சம் 900 என்று வந்தது, கட்டினேன். அடுத்த பில்லில் கடன் ஏன் அப்படியே இருக்கிறது என்று விளங்காமல், ஐஸ் பெட்டி மூடியின்மேல் சாக்கட்டியால் கணக்குப் போட்டேன். வட்டி 630, அந்த வட்டிக்கு ஜி.எஸ்.டி. 113 ரூபாய் 40 காசு. ஆக, கடனில் கழிந்தது 156 ரூபாய் 60 காசு. பக்கத்தில் நின்ற படகுக்காரர் மூடியைப் பார்த்துவிட்டு, "மீட்டர் வட்டிக்காரனாவது ஜி.எஸ்.டி. கேட்க மாட்டானே" என்றார்.

ஒப்பந்தத் தொழிலாளி, எண்ணூர்:

கார்டு வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்டைப் பற்றி ஒருவரும் விரிவாக எழுதவில்லையே என்றுதான் இதை எழுதுகிறேன். எங்கள் கம்பெனி வாசல் தேநீர்க் கடையில், "உங்கள் சிபிலுக்கு எந்த பேங்க் தரும் என்று நான் பார்த்துச் சொல்கிறேன்" என்று ஒருவர் என் பான், ஆதார் விவரங்களைத் தம் கைப்பேசியில் தட்டினார். ஓடிபி வந்தது, சொன்னேன். உடனே இன்னொன்று, பிறகு வேறொன்று. தேநீர் ஆறுவதற்குள் வெவ்வேறு வங்கிகளின் பெயரில் குறுஞ்செய்திகள் வரிசையாக இறங்கின. எனக்குத் தரும் ஒரு வங்கியை அவர் தேடவில்லை, எல்லா வங்கியிலும் என் பெயரில் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார், ஏதாவது ஒன்று தேறினால் அவருக்குக் கமிஷன் என்பதற்காக. ஒன்றும் தேறவில்லை. பின்னர் எடுத்த அறிக்கையில் வங்கிகள் என் சிபிலைக் கேட்டுப் பார்த்த அத்தனை விசாரணைகளும் ஒன்றின்கீழ் ஒன்றாக ஒரே தேதியில் அடுக்கி நின்றன, சிபில் எண்ணும் இன்னும் இறங்கியிருந்தது. பார்க்கிறவருக்கு இவன் கடனுக்கு அலைகிறான் என்றுதானே தோன்றும்? ஓடிபி செய்தியை முழுவதும் படிக்காமல் எண்ணை மட்டும் படித்துச் சொல்லாதீர்கள். எதற்கான ஒப்புதல் என்பது அந்த வரியிலேயே இருக்கும்.

தையல்காரி, பழைய வண்ணாரப்பேட்டை:

பெரம்பூர் ஐயா, அடகுக் கடையில் நகையை வைத்தால் திருப்பும்வரை கிடைக்காது என்பது எனக்கும் தெரியும்; ஆனால் அந்தக் கடைக்காரர் அதை டெபாசிட் என்று சொல்லி வாங்குவதில்லை. கார்டைச் சரியாகக் கையாண்டு எண்ணை ஏற்றும் பொறுமை எனக்கு இப்போது இல்லை. அம்மா வீட்டுக்கு வந்ததும் பாக்கி முழுவதையும் கட்டிக் கார்டை மூடிவிட்டேன்.

மூடல் விண்ணப்பம் கொடுத்தால் ஏழு வேலை நாளுக்குள் மூடவேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி தரவேண்டும் என்ற விதியைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்ததால் கார்டு உரிய காலத்திலேயே மூடப்பட்டது. டெபாசிட் மட்டும் அப்படியே பூட்டிக் கிடந்தது. கார்டு மூடியது வேறு பிரிவு, டெபாசிட்டின் மேல் உள்ள பிடிப்பை நீக்குவது கிளையின் வேலை, அதற்குத் தனி மனு வேண்டும் என்றார்கள். ஆகவே மூடப் போகிறவர்கள் இரண்டு மனுக்களாக எழுதி, இரண்டிலும் வரவு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கியில்லைச் சான்றின் நகலை இரண்டாவது மனுவோடு இணைத்த பிறகே எனக்குப் பணம் விடுவிக்கப்பட்டது.