பென்சிலில் மின்சாரம் பாய்கிறதே, எப்படி?

கடலூர் அம்மா: அலோகம் (உலோகம் அல்லாத தனிமம்) மின்சாரத்தைக் கடத்தாது என்று மகள் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் பென்சிலை இருபக்கமும் சீவி, 9 வோல்ட் பேட்டரியோடு இணைத்தால் சின்ன எல்இடி எரிகிறது. அவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

புதுச்சேரி வாத்தியார்: அருமையான கேள்வி அக்கா. உள்ளே இருப்பது ஈயம் இல்லை, களிமண் கலந்த கிராஃபைட். அது கார்பன், அதாவது அலோகம்தான், ஆனால் ஒவ்வொரு அணுவும் பக்கத்தில் மூன்று அணுக்களோடு மட்டும் பிணைவதால் பிணைய உதவும் நான்கு எலக்ட்ரான்களில் மிஞ்சும் நான்காவது, கிராஃபைட்டின் அடுக்குக்குள் தாராளமாக ஓடும். வைரத்தில் நான்குமே பிணைந்துவிடும், அதனால் கடத்தாது.

முதுநகர்க்காரன்: அப்புறம் உலோகம் செய்யும் ஒரு வேலையைக் காட்ட மகளைத் துறைமுகத்துக்கும் கூட்டிப்போங்க அக்கா. இரும்புப் படகுகளின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவார்கள். உப்புத்தண்ணீரில் அது முதலில் அரிக்கப்பட்டு இரும்பைக் காப்பாற்றும்.

கடலூர் அம்மா: சரி தம்பி, ஞாயிற்றுக்கிழமை போகிறோம். துத்தநாகம் தீர்ந்துபோனால்?

முதுநகர்க்காரன்: புதுசு மாட்டணும். இல்லாவிட்டால் துரு இரும்பைத் தின்ன ஆரம்பித்துவிடும்.