மூட்டுத் தேய்மானத்தில் எலும்புப் புரதங்களின் மாற்றம்: காரணமா, விளைவா?

நுண்ணோக்கி: மூட்டுத் தேய்மானம் என்றாலே குருத்தெலும்பைப் பற்றித்தான் பேசுகிறோம், அதைத் தாங்கும் எலும்பை மறந்துவிடுகிறோம். இயல்பான எலும்பில் முதல் வகைக் கொலாஜன் என்னும் புரதம் இரண்டு ஆல்ஃபா-1 இழைகளும் ஓர் ஆல்ஃபா-2 இழையும் சேர்ந்து முறுக்கிய கயிறு. நோயுற்ற எலும்பிலோ மூன்றுமே ஆல்ஃபா-1 இழைகளாக அமைந்த கயிறுகள் மிகுந்து, தாது சரிவரப் படியாமல் போகிறது. எக்ஸ்-ரேயில் வெண்மையாக, கெட்டியாகத் தெரியும் அந்த எலும்பு உண்மையில் தாதுக் குறைந்த எலும்பு. நோய் தொடங்குவதே இங்குதான் என்பது என் கருத்து.

ஐயவினா: நீங்கள் சொல்லும் மாற்றங்களை நான் மறுக்கவில்லை, அவற்றின் காலவரிசையைத்தான் மறுக்கிறேன். மனித எலும்பு மாதிரிகளில் பெரும்பாலானவை மூட்டு மாற்று அறுவையின்போது, அதாவது நோய் முற்றிய பிறகு, எடுக்கப்படுபவை. ஒப்பீட்டுக்கு வைக்கப்படுவதும் பல ஆய்வுகளில் இடுப்பு முறிந்தவர்களின் எலும்பு. அது எலும்புப்புரை கண்டது, அதாவது அடர்த்தி குறைந்து நலிந்தது, இயல்பானதன்று. மேலும், சுமை கூடினாலே எலும்புச் செல்கள், எலும்பாக்கத்தைத் தடுக்கும் ஸ்கிளெரோஸ்டின் என்னும் புரதத்தைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும், எலும்பாக்கமும் பெருகும். குருத்தெலும்பு தேய்ந்து, சுமை நேரே எலும்பில் இறங்கினால் இதுதானே நடக்கும்?

நுண்ணோக்கி: மாதிரிகளைப் பற்றிய குறை நியாயமானது. ஆனால் 2013-இல் வெளியான எலி ஆய்வை என்ன செய்வீர்கள்? எலும்பாக்கச் செல்களில், செல் வளர்ச்சியை நெறிப்படுத்தும் டிஜிஎஃப்-பீட்டா 1 என்னும் புரதத்தை மிகையாகச் செயல்பட வைத்ததுமே தேய்மானம் உண்டானது. நோயை உண்டாக்குவதற்காக முழங்கால் தசைநார் அறுக்கப்பட்ட எலிகளின் எலும்பில் அதைத் தடுத்தபோது குருத்தெலும்பின் சிதைவு குறைந்தது.

ஐயவினா: தசைநாரை அறுத்து உண்டாக்கிய நோயும், பல்லாண்டுகளில் மெல்ல வளரும் நோயும் ஒன்றாகிவிடா. அதே புரதம் குருத்தெலும்பின் நலத்துக்கும் தேவைப்படுவதால், அதைக் கண்ணை மூடிக்கொண்டு தடுக்கவும் முடியாது. மனிதர்களிடம் கிடைத்த விடையையும் பாருங்கள்: 2006-இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ 2,500 முழங்கால் நோயாளிகளை இரண்டாண்டுகள் கவனித்தும், எலும்புப்புரைக்குத் தரப்படும் ரிசெட்ரோனேட் மருந்து, குருத்தெலும்புத் தேய்வின் அடையாளமான மூட்டு இடைவெளிச் சுருக்கத்தைத் தடுக்கவில்லை.

நுண்ணோக்கி: அம்மருந்து எலும்பை அரிக்கும் செல்களை அடக்குவது, எலும்பாக்கச் செல்கள் நெய்யும் கொலாஜனின் குறையை அது திருத்தாது. ஆகவே அந்தத் தோல்வி என் வாதத்தைத் தொடவே இல்லை.

ஐயவினா: அதை ஏற்கிறேன். ஆனால், அறுவை நிலைக்கு வராத முழங்கால்களில், குருத்தெலும்பு முழுதாக இருக்கும்போதே அந்தக் கொலாஜன் மாறியிருப்பதைக் காட்டும்வரை, தொடக்கம் எலும்பில்தான் என்பதை ஏற்கமாட்டேன்.