பட்டாபிக்கு அப்புறம் எம்.எஸ். பாஸ்கர்: எதைப் பார்க்கலாம்?

கேள்வி: டப்பிங் பழக எம்.எஸ். பாஸ்கர் நடிப்பில் எதைக் கவனிக்கணும்? ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’ டிவி தொடர்ல வந்த பட்டாபி மட்டும்தான் தெரியும்.

பதில் 1: ‘மொழி’ (2007). 1984-லயே நினைவு நின்னுபோன பேராசிரியர். சிரிப்பும் அழுகையும் ஒரே குரலில். அப்புறம் ‘8 தோட்டாக்கள்’ (2017). ‘பார்க்கிங்’ படத்துக்குத்தான் தேசிய விருது, துணை நடிகர் பிரிவில்.

பதில் 2: அவரே டப்பிங்கிலிருந்து வந்தவர்தானே. முதல்ல சத்தத்தை அணைச்சிட்டு உதட்டை மட்டும் பாருங்க. ‘ப’, ‘ம’ வந்தா உதடு மூடும். மூடற இடத்துல ‘க’ விழுந்தா ஒட்டாது. சொல்லை முன்பின்னா மாத்துங்க. நீங்க பேசிப் பதிவு பண்ணும்போது மைக் ஒரு சாண் தள்ளி, வாய்க்கு நேரா இல்லாம சற்றே பக்கவாட்டில். இல்லேன்னா ‘ப’ காத்து டப்புனு அடிக்கும்.

பதில் 3: கத்தற வசனத்துக்கு ஓரடி பின்னால போங்க. சிரிப்பைத் தனியா எடுங்க, மூச்சு மிஞ்சும்.