புதுப்பிப்பு: எண்ணூர் பள்ளியில் காற்று வகுப்பு

எண்ணூர் பக்கம் அரசுப் பள்ளி பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் காற்று மாசு அளக்கக் கற்றுத்தரப் போவதாகப் போன மாதம் எழுதியிருந்தேன் அல்லவா? நான்கு வகுப்பு முடிந்தது.

முதல் வாரமே சொதப்பல். விடிகாலையில் சென்சார் பிஎம் 2.5 (காற்றில் மிதக்கும், 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகள்) அளவை 140 என்று காட்ட, அனல்மின் நிலையப் புகைதான் என்று அடித்துச் சொன்னேன். "சார், அப்போ பனி இறங்கியிருந்துச்சே" என்றாள் மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி. பார்த்தால் ஈரப்பதம் 95 சதவீதம்! லேசர் ஒளி சிதறுவதை வைத்துத்தான் அந்தக் கருவி கணக்குப் போடுகிறது. ஈரத்தில் ஊதிய துகள் அதற்குப் பெரிதாகத் தெரியும். வெயில் ஏறியதும் 55.

24 மணி நேரச் சராசரிக்கு இந்திய வரம்பு ஒரு கன மீட்டர் காற்றுக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. ஏன் இந்த வித்தியாசம் என்று வகுப்பில் அரை மணி நேரம் சண்டை.

வேலை பற்றிக் கேட்ட பிள்ளைகளுக்குச் சொன்னது: வேதியியல் படித்தால் ஆய்வகம், சுற்றுச்சூழல் பொறியியல் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தேர்வும் எழுதலாம். பனியைக் கண்டுபிடித்தவள் இரண்டையும் நோட்டில் குறித்துக்கொண்டாள்.