4294967297 பகா எண்ணா? இரண்டு சோதனைக்கு இரண்டு விடை

கேள்வி:
n = 4294967297, அதாவது 2³² + 1. 2-ஐ n−1 அடுக்குக்கு உயர்த்தி n-ஆல் வகுத்தால் மீதி 1. ஃபெர்மா சோதனைப்படி பகா எண்ணாக இருக்க வாய்ப்புண்டு. காரணி தேடும் நிரலோ 641 என்கிறது. எதை நம்புவது? இந்த எண் வேறு எந்தெந்த வகைகளில் சேரும்?

பதில் 1:
641-ஐ நம்புங்கள். தாளிலேயே சரிபார்க்கலாம். 641 = 5×2⁷ + 1 என்பதால், 641-ஆல் வகுக்கும்போது 5×2⁷-இன் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-இன் மீதி 1. 641 = 5⁴ + 2⁴ என்றும் எழுதலாம்; ஆக 5⁴-க்குப் பதில் −2⁴ போடுங்கள். −2³²-இன் மீதி 1 ஆகிறது. அப்படியானால் 2³² + 1 மீதியின்றி வகுபடும்.

2-ஐ வைத்துச் செய்த சோதனை இங்கே எதையும் சொல்லாது. n-ஆல் வகுத்தால் 2³²-இன் மீதி −1, எனவே 2⁶⁴-இன் மீதி 1. n−1 = 2³² என்பது 64-இன் மடங்கு, ஆகவே 1 வந்தே தீரும். ஃபெர்மா எண் (2-இன் அடுக்கும் 2-இன் அடுக்காக உள்ள 2^(2ᵏ) + 1 வடிவ எண்) எதை எடுத்தாலும், பகு எண்ணானாலும், இதே கதிதான். 4, 8, 16 போன்ற அடிமானங்களும் (2-க்குப் பதில் அடுக்குக்கு உயர்த்தும் எண்கள்) பயன்படாது. 3-ஐ எடுங்கள், மீதி 1 வராது.

பதில் 2:
ஃபெர்மா இவ்வகை எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று கருதினார்; 1732-இல் ஆய்லர் இதை உடைத்தார். 641 × 6700417. காரணிகள் 128k + 1 வடிவில் மட்டுமே வரும் என்பதால் தேடல் மிகச் சிறியது: அந்த வடிவில் 641-க்கு முன் உள்ள பகா எண் 257 ஒன்றுதான். 6700417 பகா எண் என்று காட்டவும் 641, 769, 1153, 1409 ஆகிய நான்கால் வகுத்துப் பார்த்தால் போதும்.

வகைகள்: அரைப் பகா எண் (இரு பகா எண்களின் பெருக்கல்), வர்க்கக் காரணி இல்லாத எண், குறை எண் (தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டல் 6701059 மட்டுமே), 2-ஐப் பொறுத்து வலுவான போலிப் பகா எண் (ஃபெர்மா சோதனையைவிடக் கடுமையான மில்லர்-ராபின் சோதனையிலும் 2-ஐ வைத்துத் தேறும் பகு எண்). கார்மைக்கேல் எண் (தன்னோடு பொதுக் காரணி இல்லாத எல்லா அடிமானங்களுக்கும் ஃபெர்மா சோதனையில் தேறும் பகு எண்) அல்ல, ஏனெனில் 641−1, அதாவது 640, n−1 = 2³²-ஐ வகுக்காது. எனக்கு மிகவும் பிடித்த பண்பு வேறு: இதை இரு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதலாம். 65536² + 1², 62264² + 20449². பகா எண்ணாக இருந்தால் ஒரே விதம்தான் கிடைக்கும்.

கேட்டவர்:
மில்லர்-ராபின் எழுதினால் எந்த அடிமானங்கள் போதும்?

பதில் 3:
2, 7, 61 போதும். 4759123141-க்குக் கீழே உள்ள எல்லா எண்களுக்கும் அது உறுதி. 2, 3, 5, 7 என்ற நான்கின் உறுதி 3215031751-க்குக் கீழேதான், இந்த எண் அதைத் தாண்டிவிட்டது.

மாறியின் அளவையும் பாருங்கள். 32 பிட் மாறியில் இந்த எண் வெறும் 1 ஆகிவிடும். குறியில்லாத 64 பிட்டிலும் சிக்கல் உண்டு: (n−1)² சரியாக 2⁶⁴, ஓவர்ஃப்ளோ ஆகி 0 கிடைக்கும். உங்களுக்கு 1 வந்திருப்பதால் பெருக்கல் ஒழுங்காகவே நடக்கிறது. மற்றவர்கள் இடைப்பெருக்கலை 128 பிட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.