இரட்டை ஆற்றல் எக்ஸ்ரே: செப்புத் தகட்டை எந்தப் படத்துக்கு வைப்பது?

கேள்வி (உவர்மலை, திருகோணமலை)

நான் கதிர்ப்படப் பிடிப்பைப் பயிலும் மாணவன். நீர் நிரப்பிய சாப்பாட்டுப் பெட்டிக்குள் பாரை மீன் துண்டொன்றை முள்ளோடு அமிழ்த்தி, குழாய் மின்னழுத்தம் 60 கிலோவோல்ற்றில் ஒன்றும் 120இல் ஒன்றுமாகப் படமெடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து முள்ளை மட்டும் பிரித்தெடுத்தேன். கதிர்ப்பளவைக் குறைக்க வடிகட்டி உதவும் என்று படித்திருந்ததால், 1 மில்லிமீற்றர் செப்புத் தகட்டைக் குழாய் வாயிலில் பொருத்தி, மின்னோட்டத்தையும் நேரத்தையும் மாற்றாமல் இரு படங்களையும் மீண்டும் எடுத்தபோது, முள்ளே தெரியாத அளவுக்கு இரைச்சல் (படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் ஒழுங்கற்ற மாறுபாடு) நிறைந்துவிட்டது. அப்படியானால் வடிகட்டியின் பயன் என்ன?

மறுமொழி (நிலாவெளி)

தகட்டில் குறையில்லை, அதை இரு படங்களுக்கும் வைத்ததுதான் பிழை. அந்தத் தடிப்புள்ள செம்பு, 40 கிலோ இலத்திரன்வோல்ற்று ஆற்றலுள்ள போட்டன்களில் (கதிரின் ஆற்றல் துணுக்குகளில்) நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றையே விடும். 60இல் கால்வாசியும், 80இல் பாதியும், 100இல் மூன்றில் இரண்டு பங்கும் கடக்கும். 60 கிலோவோல்ற்றுக் கற்றையில் எந்தப் போட்டனும் 60 கிலோ இலத்திரன்வோல்ற்றைத் தாண்டாது, பெரும்பாலானவை அதற்கு வெகு கீழேயே இருக்கும். எனவே உங்கள் அந்தக் கற்றையைத் தகடு ஏறக்குறைய முழுதாக விழுங்கிவிட்டது.

120 கிலோவோல்ற்றில் நிலைமை வேறு. அங்கே வெட்டப்படுவது, 60 கிலோவோல்ற்றுக் கற்றையைப் போலவே நடந்துகொள்ளும் தாழ் ஆற்றற் பகுதிதான். ஆற்றல் உயர உயர முள்ளின் கல்சியம் கதிரை உறிஞ்சுவது செங்குத்தாகக் குறைய, தசை உறிஞ்சுவது மெதுவாகவே குறைகிறது என்பதால்தான் கழித்தல் சாத்தியமாகிறது. இரு கற்றைகளின் ஆற்றல்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால், தசையை நீக்கும்போது முள்ளின் சமிக்ஞையும் பெரும்பாலும் போய்விடும், ஆனால் இரு படங்களின் இரைச்சலும் சேர்ந்து எஞ்சும். உயர் ஆற்றற் படத்துக்கு மட்டும் தகட்டை வையுங்கள். உணரியில் தகடில்லாதபோது இருந்த அளவு சமிக்ஞை வரும்வரை மின்னோட்டத்தைக் கூட்டிவிட்டு, பெட்டியின் மேற்பரப்பில் விழும் கதிர்ப்பளவை ஒப்பிடுங்கள்.

மறுமொழி (மூதூர்)

உடலைக் குறுக்குவெட்டுகளாகப் படமெடுக்கும் இரு குழாய் சீ.ரீ. இயந்திரங்களிலும் இதே முறைதான்: 140 கிலோவோல்ற்றுக் குழாய்க்கு மட்டும் 0.4 மில்லிமீற்றர் வெள்ளீயம் வைத்தார்கள், பின்னர் 150 கிலோவோல்ற்றுடன் அது 0.6 ஆனது. எலும்பு அடர்த்தி அளக்கும் சில கருவிகளோ ஒரே மின்னழுத்தத்தில் சீரியம் என்ற உலோக வடிகட்டியைப் பயன்படுத்துகின்றன, 40.4 கிலோ இலத்திரன்வோல்ற்றிலுள்ள அதன் கே விளிம்புக்கு (உறிஞ்சுதல் திடீரென எகிறும் ஆற்றலுக்கு) சற்று மேலிருக்கும் போட்டன்கள் உறிஞ்சப்படுவதால், ஒரே கற்றை 40க்கு அருகே ஒன்றும் 70க்கு அருகே ஒன்றுமாக இரு திமில்களாகப் பிரிகிறது.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா. 120க்கு மட்டும் தகட்டை வைத்து எடுத்தேன். நடு முள்ளின் கணுக்கள்கூடத் தனித்தனியாகத் தெரிகின்றன. ஆனால் அந்தப் படத்துக்கு மட்டும் நேரத்தை ஏறக்குறைய இரு மடங்காக்க வேண்டியிருந்தது.

மறுமொழி (நிலாவெளி)

எல்லை அங்கேதான் இருக்கிறது. பாரை மூச்சு விடாது, அதன் இதயமும் துடிக்காது. நோயாளியின் நெஞ்சுப் படத்தில் நேரம் நீண்டால் இதய விளிம்பில் இரு படங்களும் பொருந்தாமல் நிழல் விழும். நேரத்தை நீட்டாமல் மின்னோட்டத்தைக் கூட்டக் குழாய் வெப்பம் இடம் கொடுக்குமா என்று முதலில் பார்த்துவிட்டு, கொடுக்காவிட்டால் 0.5 மில்லிமீற்றர் தகட்டில் தொடங்குங்கள்.